பால்கன் கூட்டணி 1912–13: பாகப்பிரிவினைப் பத்திரம் கையில் இருந்தும் பங்காளிச் சண்டை வந்தது எப்படி?

#1 · மேற்குவாசல்

முதலாம் பால்கன் போரில் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டெனெக்ரோ நாலும் சேர்ந்து ஒட்டோமான் பேரரசை ஐரோப்பாவை விட்டு ஏறக்குறைய துரத்திவிட்டன. அந்தப் போரை முடித்த லண்டன் உடன்படிக்கை கையெழுத்தானது 1913 மே 30. ஒரே மாதம் கழித்து, ஜூன் 29 இரவு, பல்கேரியப் படை தன் கூட்டாளிகளான செர்பியா, கிரீஸ் இரண்டின் நிலைகளையும் தாக்குகிறது.

வழக்கமாக "பேராசை" என்ற ஒற்றைச் சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். பேராசை எல்லாரிடமும்தான் இருந்தது. நான் கேட்பது வேறு. போருக்கு முன்பே பங்கு எழுதியாகிவிட்டது, மத்தியஸ்தர் யார் என்பதும் எழுதியாகிவிட்டது. அப்புறம் எந்த ஷரத்தில் பிடி நழுவியது? ஒப்பந்த வாசகத்தோடு பேசக்கூடியவர்கள் வந்தால் நல்லது.

#2 · ஆவணப்பிரியன்

முதலில் தேதிக் குழப்பத்தை ஒழித்துவிடலாம். இந்த நாடுகள் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன, 13 நாள் பின்னால். அதனால் செர்பிய–பல்கேரிய ஒப்பந்தம் ஒரு நூலில் 1912 பிப்ரவரி 29 என்றும் இன்னொன்றில் மார்ச் 13 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள். இந்த இழையில் எல்லாரும் புதிய தேதியே போடுவோம்.

மார்ச் 13 ஒப்பந்தத்தில் வெளியே காட்டக்கூடிய பகுதி வெறும் தற்காப்பு. சரக்கு முழுக்க இரகசிய இணைப்பில். அதன் 2ஆம் ஷரத்து நிலத்தை இப்படிப் பிரிக்கிறது: ஷார் மலைக்கு வடக்கும் மேற்கும் செர்பியாவுக்கு. ரோடோப் மலைக்கும் ஸ்ட்ரூமா ஆற்றுக்கும் கிழக்கே பல்கேரியாவுக்கு. இரண்டுக்கும் நடுவே கிடப்பதுதான் மாசிடோனியா. அதைத் தனி சுயாட்சி மாகாணமாக்க முடிந்தால் ஆக்குவது. முடியாவிட்டால் ஒரு கோடு: பழைய துருக்கி–பல்கேரிய எல்லையில், கிரிவா பலாங்காவுக்கு வடக்கே உள்ள கோலெம் வர்ஹ் சிகரத்தில் தொடங்கி, தென்மேற்காகச் சாய்ந்து ஓஹ்ரித் ஏரிக்கரையில் முடியும்.

கவனிக்க வேண்டியது அந்தக் கோடு செய்யும் வேலை. பலர் நினைப்பதுபோல அது எல்லைக்கோடு கிடையாது. கோட்டுக்குத் தென்கிழக்கே எதையும் கேட்கமாட்டேன் என்று செர்பியா எழுதிக்கொடுக்கிறது. பிடோலா (மொனாஸ்டிர்), பிரிலெப், வேலெஸ், ஓஹ்ரித் எல்லாம் அந்தப் பக்கம். பல்கேரியாவோ, ரஷ்யச் சக்கரவர்த்தி இந்தக் கோடுதான் எல்லை என்று தீர்ப்புச் சொன்னால் ஏற்கிறேன் என்று மட்டும் எழுதுகிறது. அதாவது செர்பியாவின் உச்ச வரம்பு இது. கோட்டுக்கு வடமேற்கே, ஷார் மலைவரை உள்ள ஸ்கோப்யே, குமானோவோ, தேதோவோ, தெபார் வட்டாரம்தான் "தகராறுப் பகுதி". மத்தியஸ்தருக்கு அதிகாரம் அதற்குள் மட்டும்.

#3 · மேற்குவாசல்

அப்படியானால் பிடோலா பற்றி மத்தியஸ்தரிடம் போகவே வழியில்லையா?

#4 · ஆவணப்பிரியன்

பல்கேரியத் தரப்பு சொன்னது அதுதான். பிடோலா எங்கள் பெயரில் ஏற்கெனவே கிரயம் ஆன சொத்து, அதை வழக்கில் சேர்க்காதே என்றார்கள். செர்பியர்கள் காட்டியது 4ஆம் ஷரத்தை: ஒப்பந்தம், இரகசிய இணைப்பு, படை உடன்பாடு ஆகியவற்றின் பொருள்கொள்ளலிலோ நிறைவேற்றத்திலோ எந்தத் தகராறு வந்தாலும், நேரடிப் பேச்சில் தீராது என்று ஒரு தரப்பு அறிவித்த உடனே அது ரஷ்யாவின் இறுதி முடிவுக்குப் போகும். ஒப்பந்தமே செல்லுமா என்பதும் "நிறைவேற்றத் தகராறு" என்றால் எல்லாமே மேசைக்கு வந்துவிடும்.

ஆக ஒரே காகிதத்தில் இரண்டு மத்தியஸ்தம். 2ஆம் ஷரத்தில் நாலெல்லை கட்டிய குறுகலான ஒன்று, 4ஆம் ஷரத்தில் எல்லையே இல்லாத ஒன்று. எது எதற்கு மேல் என்று எழுதவில்லை. 1913 வசந்தத்தில் சோஃபியா (பல்கேரிய அரசு) 2ஐப் பிடித்துத் தொங்கியது, பெல்கிரேடு (செர்பிய அரசு) 4ஐ.

#5 · தளவாடம்

ஷரத்து மட்டும் பார்த்தால் போதாது, யார் எங்கே போர் செய்தார்கள் என்பதுதான் முதல் முடிச்சு.

மே 12, 1912 படை உடன்பாட்டின்படி பல்கேரியா குறைந்தது 2,00,000 பேர், செர்பியா குறைந்தது 1,50,000 பேர் திரட்ட வேண்டும். அதில் 1,00,000 பல்கேரியர் வார்தார் பள்ளத்தாக்குக்கு, அதாவது மாசிடோனியாவுக்கு வரவேண்டும். அந்தத் திட்டப்படி நடந்திருந்தால் பிரிக்கவேண்டிய நிலத்தில் இரண்டு படையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும்.

ஆனால் ஒட்டோமான் முக்கியப் படை திரேஸில், இஸ்தான்புல்லுக்கு முன்னால் நிற்கிறது. அதை யாராவது கட்டிப்போட வேண்டும். 1912 கோடையிலும் செப்டம்பரிலும் இரு தலைமைத் தளபதியகங்களும் உட்கார்ந்து பேசி ஏற்பாட்டை மாற்றுகின்றன: பல்கேரியா கிட்டத்தட்ட முழுப் படையோடும் மரிட்சா ஆற்றுப் பக்கம், செர்பியா தனியாக வார்தார் பக்கம். மாசிடோனியாவுக்கு வந்த பெரிய பல்கேரியப் பிரிவு 7ஆவது ரிலா டிவிஷன் ஒன்றுதான். அதுவும் சீக்கிரமே சலோனிகா (தெசலோனிகி) துறைமுகத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

படை ரீதியில் இது அருமையான முடிவு. அக்டோபர் 24க்குள் கிர்க் கிலிசே பல்கேரியர் கையில், நவம்பர் 2க்குள் லூலே புர்காஸ். அதே அக்டோபர் 23–24இல் குமானோவோவில் செர்பியா வெற்றி, நவம்பர் 19இல் பிடோலா. ஆனால் கடைசி ஊரைப் பாருங்கள். பல்கேரியப் பங்கில் எழுதப்பட்ட ஊருக்குள் செர்பியப் பட்டாளம். படை ஏற்பாட்டைத் திருத்தியவர்கள் நிலப்பங்கு இணைப்பில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. "இந்த இடமாற்றத்தால் நிலப்பங்கு மாறாது" என்றாவது எழுதியிருக்கலாம், "மாறும்" என்றாவது எழுதியிருக்கலாம். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது இதுதான்.

#6 · கடம்பவனம்

தளவாடம் சார் சொல்வதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் செர்பிய வழக்கைக் கொஞ்சம் நியாயமாக வைக்க வேண்டும்.

1913 பிப்ரவரியில் செர்பியப் பிரதமர் நிகோலா பாஷிச் எழுத்து மூலம் திருத்தம் கேட்கிறார். அவர் வைத்த காரணங்கள் சுருக்கமாக: வாக்களித்த 1,00,000 பேர் வார்தாருக்கு வரவில்லை. நாங்களோ ஒப்பந்தத்தில் இல்லாத உதவியாக இரண்டு டிவிஷனும் முற்றுகைப் பீரங்கிகளும் பல்கேரியா முற்றுகையிட்டிருந்த ஒட்டோமான் கோட்டையான எடிர்னேக்கு அனுப்பினோம், ஏறக்குறைய 47,000 பேர். ஒப்பந்தம் எழுதும்போது எட்ரியாட்டிக் கரை எங்கள் பங்கில் வரும் என்ற கணக்கு இருந்தது, ஆஸ்திரியா–ஹங்கேரி அதைப் பிடுங்கிவிட்டது. பல்கேரியாவுக்கோ எதிர்பாராத அளவுக்குத் திரேஸ் கிடைத்திருக்கிறது.

நான்கில் வலுவானது எட்ரியாட்டிக் வாதம். செர்பியப் படை 1912 நவம்பர் கடைசியில் துர்ரெஸ் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது. அதே வாரம், நவம்பர் 28, வ்லோராவில் அல்பேனியா விடுதலை அறிவிப்பு. லண்டனில் எட்வர்ட் கிரே தலைமையில் கூடிய தூதர்கள் மாநாடு அல்பேனியாவை அங்கீகரித்ததும் செர்பியாவுக்குக் கடல் போயிற்று. கடல் போனவன் வேறு பக்கம் ஈடு கேட்பது இயல்பு.

#7 · ஆவணப்பிரியன்

இயல்புதான், ஆனால் பத்திரத்தில் அந்த ஈடு எங்கே? "ஷார் மலைக்கு வடக்கும் மேற்கும்" என்ற சொற்றொடரைச் செர்பியா "கடல்வரை" என்று படித்தது. துறைமுகம் வாங்கித் தருவோம் என்று நாங்கள் எழுதவே இல்லை என்றார் பல்கேரியப் பிரதமர் இவான் கெஷோவ். அவர் சொன்னது சரி. செர்பியாவின் உரிமையைப் பல்கேரியா ஏற்கிறது, அவ்வளவே. வாங்கித்தரும் உத்தரவாதம் கிடையாது.

1,00,000 பேர் கணக்கும் அப்படியே. இரு தளபதியகங்களும் ஒப்புக்கொண்டு மாற்றியதை "நீ வரவில்லை" என்று பிறகு குற்றமாகச் சொல்வது செல்லாது. கிர்க் கிலிசேயும் லூலே புர்காஸும் நடக்காவிட்டால் அந்த ஒட்டோமான் படை வார்தாருக்குத்தான் இறங்கியிருக்கும்.

எடிர்னே உதவி மட்டும் உண்மையான கடன். மார்ச் 26இல் கோட்டை விழுந்தபோது தளபதி ஷுக்ரி பாஷாவைப் பிடித்தது யார் என்பதிலேயே இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. உதவியை வாங்கும்போதே அதன் கூலியைப் பேசி முடிக்காதது சோஃபியாவின் தவறு.

#8 · அலைவாய்

எல்லாரும் செர்பியாவையே சுற்றுகிறீர்கள். கிரீஸ் விஷயம் இதைவிட மோசம். செர்பியாவோடு எழுதிய பத்திரத்தில் நாலெல்லை தப்பு என்றால், கிரீஸோடு எழுதியதில் நாலெல்லையே இல்லை.

1912 மே 29 கிரேக்க–பல்கேரிய ஒப்பந்தம் வெறும் தற்காப்பு உடன்பாடு. அக்டோபர் 5 படை உடன்பாட்டில் பல்கேரியா குறைந்தது 3,00,000 பேர், கிரீஸ் குறைந்தது 1,20,000 பேர், அதோடு கிரேக்கக் கப்பற்படை ஏஜியன் கடலை அடைக்க வேண்டும். நிலம் பற்றி ஒரு சொல் கிடையாது. சலோனிகா யாருக்கு என்று பேச ஆரம்பித்தால் உடன்பாடே முறிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கப்பற்படை பல்கேரியாவுக்கு அவசரத் தேவை. ஆசியாவிலிருந்து ஒட்டோமான் துருப்புகள் கடல்வழி வந்து இறங்கினால் திரேஸ் போர் கெட்டுவிடும். சலோனிகாவுக்கு நம் படை முதலில் போய்விடும் என்று சோஃபியாவில் ஒரு நம்பிக்கை வேறு.

நவம்பர் 8இல் ஒட்டோமான் தளபதி ஹசன் தாஹ்சின் பாஷா சலோனிகாவைக் கிரேக்கரிடம் ஒப்படைக்கிறார். ரிலா டிவிஷன் வந்து சேர்ந்தது ஒரு நாள் தாமதம். கிரேக்க முடியிளவரசர் கான்ஸ்டன்டைன் பிடோலா பக்கம் போகத்தான் விரும்பினார் என்பதும், பிரதமர் வெனிசெலோஸ் விடாப்பிடியாகச் சலோனிகாவுக்குத் திருப்பினார் என்பதும் தெரிந்த கதை.

பிறகு பல்கேரியப் படையாட்கள் கொஞ்சம் பேர் "ஓய்வுக்காக" நகருக்குள் விடப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டு. 1913 ஏப்ரலில் எல்லை பிரிக்கக் கூட்டுக் குழு போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நிக்ரிதா, பங்காயோன் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தபின் இரு படைகளுக்கும் இடையே தற்காலிகக் கோடு ஒன்று போட்டார்கள். அதுவும் நிற்கவில்லை.

#9 · தளவாடம்

அலைவாய் சொன்ன "இரண்டு பூட்டு" செர்பியப் பக்கம் எழுத்திலேயே இருந்தது. இரகசிய இணைப்பின்படி கைப்பற்றும் நிலம் முழுவதும் முதலில் இருவருக்கும் பொது நிர்வாகம், அமைதி திரும்பி மூன்று மாதத்துக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. எப்படி நடத்துவது என்பதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை: வரி யார் வசூலிப்பது, போலீஸ் யார், பள்ளிக்கூடத்தில் எந்த மொழி, நீதிமன்றம் யாருடையது, கூட்டுக் குழு எந்த ஊரில் உட்காரும்?

ஏற்பாடு இல்லாத இடத்தில் யார் பட்டாளம் நிற்கிறதோ அவர் நிர்வாகம். செர்பியா பிடோலாவில் தன் அதிகாரிகளை நியமித்தது, பல்கேரிய எக்ஸார்க்கேட் திருச்சபையின் பிஷப்புகளையும் ஆசிரியர்களையும் நெருக்கியது. நாலு மாதம் வரி வசூலித்தவன் ஐந்தாவது மாதம் அனுபோக பாத்தியதை பேசுவான். நிலத் தகராறு பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று மாதக் கெடுவிலும் ஓட்டை. அது அமைதி திரும்பிய நாளிலிருந்து எண்ணப்படும். டிசம்பர் 3 போர்நிறுத்தம் (கிரீஸ் அதில் கையெழுத்திடவே இல்லை), ஜனவரி 23 இஸ்தான்புல் ஆட்சிக் கவிழ்ப்பு, பிப்ரவரி 3 மறுபடியும் போர், மே 30 உடன்படிக்கை. இந்த ஆறு மாதமும் கெடு ஓடவே இல்லை, ஆனால் அனுபோகம் ஓடிக்கொண்டிருந்தது.

#10 · மேற்குவாசல்

இப்போது புரிகிறது. மத்தியஸ்தர் ஏன் சீக்கிரம் வரவில்லை? ரஷ்யா பக்கத்தில்தானே நின்றது?

#11 · கடம்பவனம்

பக்கத்தில் நின்றது, ஆனால் ஒரே குரலில் நிற்கவில்லை. பெல்கிரேடில் ரஷ்யத் தூதர் ஹார்ட்விக் செர்பியர்களைவிடத் தீவிரமான செர்பியர். சோஃபியாவில் நெக்லியுடோவ். வெளியுறவு அமைச்சர் சசோனோவுக்கோ தீர்ப்பே சொல்லாமல் இருவரையும் சமாதானமாக்க ஆசை. எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு கூட்டாளியை இழக்க வேண்டும். மத்தியஸ்தருக்கே வழக்கில் பங்கு இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஜூன் 8இல் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் இரு மன்னர்களுக்கும் தந்தி அடிக்கிறார்: மத்தியஸ்தக் கடமையை மறக்காதீர்கள், போரைத் தொடங்குபவர் ஸ்லாவ் இனத்தின் முன் பொறுப்பாளி. பிரதமர்களைப் பீட்டர்ஸ்பர்க் வரச் சொல்கிறார்கள். செர்பியா வருகிறேன் என்கிறது, ஆனால் 4ஆம் ஷரத்துப்படி, எல்லாவற்றையும் திறந்து. பல்கேரியா வருகிறேன் என்கிறது, ஆனால் 2ஆம் ஷரத்துப்படி, தகராறுப் பகுதிக்கு மட்டும். மறுபடியும் #4இல் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம்.

இதற்கிடையில் ஜூன் 1 அன்று இரண்டு காரியம் ஒரே நாளில். எல்லை ஊரான த்சாரிப்ரோடில் கெஷோவும் பாஷிச்சும் சமாதானம் பேசுகிறார்கள். அன்றே சலோனிகாவில் கிரீஸும் செர்பியாவும் பல்கேரியாவுக்கு எதிராகக் கூட்டணி ஒப்பந்தம் போடுகின்றன, படை உடன்பாட்டோடு: செர்பியா 1,50,000, கிரீஸ் 90,000. பேச்சு மேசையில் உட்கார்ந்தவருக்குப் பேரம் பேச அவசியமே போய்விட்டது. கெஷோவ் ஏற்கெனவே பதவி விலகியிருந்தார், அடுத்து வந்தவர் டானெவ்.

#12 · தளவாடம்

அவசரத்துக்கு இன்னொரு காரணம் பட்டாளம். எட்டு மாதமாகக் கொடியின்கீழ் நிற்கும் விவசாயிகள், அறுவடை நெருங்குகிறது, படைக்குள் முணுமுணுப்பு. ஜூன் 22இல் துணைத் தலைமைத் தளபதி சவோவ் அரசிடம் பத்து நாள் கெடு வைக்கிறார்: தாக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பு. டானெவ் அதைத் திருப்பி ரஷ்யாவிடம் ஒரு வாரக் கெடுவாக வைக்கிறார். சசோனோவுக்குக் கோபம். 1902 முதல் உள்ள எந்த உடன்பாடும் இனிக் கிடையாது என்கிற அளவுக்குப் பதில் வந்தது.

இந்த "1902" சாதாரண வார்த்தை அல்ல. ருமேனியா தாக்கினால் பல்கேரியாவுக்குக் காப்பாக இருந்த ரஷ்ய–பல்கேரியப் படை உடன்பாடு அது. அதாவது வடக்கு வாசல் தாழ்ப்பாளும் அந்தப் பதிலோடு போயிற்று.

ஜூன் 28இல் சவோவின் உத்தரவு, மறுநாள் இரவு தாக்குதல். முழுப் போர் என்று அறிவிக்காமல், கொஞ்சம் நிலம் பிடித்துப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. ஜூலை 1இல் டானெவ் நிறுத்தச் சொல்கிறார், படை நிற்கிறது, ஜூலை 3இல் மன்னர் ஃபெர்டினாண்ட் சவோவை நீக்குகிறார். நின்ற அந்தச் சமயத்தில் எதிரி நிற்கவில்லை. ப்ரெகால்நிட்சாவில் செர்பியாவும், கில்கிஸில் கிரீஸும் திருப்பி அடித்தன. சலோனிகாவில் மிச்சமிருந்த பல்கேரியப் பட்டாளத்தைக் கிரேக்கர்கள் ஒரே இரவில் நிராயுதபாணி ஆக்கினார்கள்.

#13 · மருதநிலம்

குறுக்கே ஒரு கேள்வி. வலுவான, வேகமான மத்தியஸ்தர் இருந்திருந்தால் தீர்ந்திருக்குமா?

#14 · அலைவாய்

அப்படி ஒரு சோதனை 1940இல் நடந்தது. ஹங்கேரியும் ருமேனியாவும் டிரான்சில்வேனியாவுக்கு அடித்துக்கொண்டன. ஆகஸ்ட் 30இல் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியும் தீர்ப்புச் சொல்லி வடக்கு டிரான்சில்வேனியாவை, சுமார் 43,000 சதுர கிலோமீட்டர், ஹங்கேரிக்குக் கொடுத்தன. வேகமும் இருந்தது, வலுவும் இருந்தது. அதே நவம்பரில் இருவரும் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பானின் முத்தரப்பு உடன்பாட்டில் சேர்ந்து கூட்டாளி ஆனார்கள். சோவியத் போர்முனைக்கு இருவருமே படை அனுப்பினாலும், ஒருவரை ஒருவர் பார்த்து ஊரிலும் ஒரு பகுதி படையை நிறுத்தியே வைத்திருந்தார்கள். தீர்ப்பு வாயை அடைத்தது, வழக்கை அடைக்கவில்லை. 1912இல் குறைந்தபட்சம் வாயையாவது அடைத்திருக்கலாம்.

#15 · ஆவணப்பிரியன்

என்னைக் கேட்டால் 1912 செப்டம்பரே கடைசி வாய்ப்பு. படை ஏற்பாட்டை மாற்றிய அதே நாளில், கோட்டுக்குத் தென்கிழக்கே செர்பியப் படை நுழைந்தால் சிவில் நிர்வாகம் இத்தனை நாளில் பல்கேரியரிடம் கைமாறும் என்று ஒரு இணைப்பு எழுதியிருக்க வேண்டும். கெடுவை உடன்படிக்கை நாளிலிருந்து அல்லாமல் ஊர் விழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எழுதவேண்டிய ஆளும் அப்போது போய்ச் சேர்ந்துவிட்டார்: 1911 அக்டோபரில் ரயில் பெட்டிக்குள் கெஷோவோடு உட்கார்ந்து இந்தப் பேச்சைத் தொடங்கிய செர்பியத் தலைவர் மிலோவானோவிச், 1912 கோடையில் போருக்கு முன்பே இறந்தார். பிறகு வந்த பாஷிச்சுக்கு அந்தக் கோட்டின்மேல் பற்று இருந்ததில்லை.

#16 · கடம்பவனம்

மிலோவானோவிச் உயிரோடு இருந்திருந்தாலும் பிடோலாவை விட்டுக்கொடுக்கச் செர்பியப் படை அதிகாரிகள் விட்டிருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு. மற்றபடி ஒத்துக்கொள்கிறேன்.

#17 · மேற்குவாசல்

கடைசியாக ஒன்று. இந்த இரண்டாம் போரை முடித்த புகாரெஸ்ட் உடன்படிக்கையில் யாருக்கு என்ன?

#18 · தளவாடம்

ஜூலை 10 ருமேனியா போர் அறிவிப்பு, தடுக்கப் படையே இல்லை. ஜூலை 21–22இல் ஒட்டோமான் படை எடிர்னேயைத் திரும்பப் பிடித்துவிட்டது. ஆகஸ்ட் 10 புகாரெஸ்ட் உடன்படிக்கை: செர்பியாவுக்குப் பிடோலா, ஓஹ்ரித், வேலெஸ் உட்பட வார்தார் மாசிடோனியா. செர்பியாவின் பரப்பு இரு போர்களிலும் சேர்த்து ஏறக்குறைய 48,000இலிருந்து 87,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் போனது. கிரீஸுக்குச் சலோனிகா, கவாலா. ருமேனியாவுக்குத் தெற்கு தோப்ரூஜா. பல்கேரியாவுக்குப் பிரின் பகுதி, ஸ்ட்ரூமிட்சா, மேற்குத் திரேஸ்.

#19 · அலைவாய்

கவாலாவுக்கு ஒரு அடிக்குறிப்பு. அந்தத் துறைமுகத்தைப் பல்கேரியாவுக்குக் கேட்டவை ரஷ்யாவும் ஆஸ்திரியா–ஹங்கேரியும். கிரீஸுக்குக் கேட்டவை பிரான்சும் ஜெர்மனியும். அடுத்த வருடம் தொடங்கிய முதல் உலகப் போரில் எந்த அணியில் யார் நின்று சண்டை போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இந்த இரண்டு ஜோடியையும் இன்னொரு தடவை படியுங்கள்.